நிறம் மாற்றுவது ஒரு மத்தியான வேலை, பல்ஸைக் காப்பாற்றுவது ஒரு வருட வேலை: ஃபெம்டோ நொடி லேசர் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அக்கா மகள் அடுத்த மாதம் கீழே ஓர் ஆய்வகத்தில் சேர்கிறாள். ஊட்டியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். லேசர் என்றால் செய்முறைத் தேர்வில் பார்த்த ஹீலியம்-நியான் குழாய் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். போன வாரம் நான் கோத்தகிரிக்குப் போயிருந்தபோது போனை நீட்டி, "மாமா, இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை" என்றாள். செறிவான ஃபெம்டோ நொடி பல்ஸ்களை, அதாவது நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்ததில் சில பங்கு நேரமே நீடிக்கும் ஒளித் துடிப்புகளை, வேறு அலைநீளத்துக்கு நகர்த்துவது.

"நிறம் மாறிடுச்சுன்னு காட்டிட்டா போதுமா?"

"நிறம் ஒரு மத்தியானத்துல மாறிடும்மா. மாறின பிறகும் பல்ஸ் குட்டையா இருக்கணும், கற்றை வட்டமா இருக்கணும். அதுக்குத்தான் ஒரு வருஷம்."

பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஏன் மாற்ற வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிக ஆற்றல் கொண்ட குறும்பல்ஸ்களைத் தரும் லேசர்கள் சில நிறங்களில்தான் நன்றாக ஓடும். டைட்டானியம்-சஃபயர் 800 நானோமீட்டர் பக்கம், இட்டெர்பியம் 1030 பக்கம். ஆராய வேண்டிய மூலக்கூறோ குறைக்கடத்தியோ 400 கேட்கும், 1300 கேட்கும், 267 கேட்கும். லேசரை மாற்ற முடியாது, ஆகவே நிறத்தை மாற்றுகிறோம். பட்டகமும் வடிகட்டியும் இதைச் செய்யாது. இருக்கிற நிறங்களைப் பிரித்துக் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. இல்லாத நிறத்தை உண்டாக்க, பொருளில் உள்ள எலக்ட்ரான்களை அவை இயல்பாக ஆடும் எல்லையைத் தாண்டி உலுக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் செறிவு.

1909-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் நிறமாலைக் கோடுகள் நகர்வதைக் கண்டார். வாயு நகரும்போது அலைநீளம் மாறும் கணக்கு அது. அந்த நகர்வு நானோமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. நமக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான நானோமீட்டர். அதே பெயர்ச்சி, முற்றிலும் வேறு வழி.

முதலில் கண்

அலைநீளம் மாற்றும் ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி ஒரு தனிப் பிரச்சினை. 800-ஐத் தடுக்கும் கண்ணாடி 400-ஐத் தடுக்காமல் விடலாம். நீங்கள் நிறத்தை மாற்றும் படிகத்தை வைத்த அந்த நொடியிலிருந்து மேசையில் இரண்டு நிறம் ஓடுகிறது. இன்னொரு படிகம் வைத்தால் மூன்று. கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்ட அலைநீளங்களையும் ஓ.டி. எண்ணையும் படியுங்கள். ஓ.டி. 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 800 கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத் தெரிவதால் பலவீனமானது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட நம் கண் ஒளியாக உணர்வதில்லை. 1300 அறவே தெரியாது.

400-ஐத் தேட விலையுயர்ந்த அட்டை வேண்டாம், வெள்ளை விசிட்டிங் கார்டு போதும். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருள் ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். கற்றையின் வடிவம் பார்க்க, கழுவி முடித்த கறுப்புப் போட்டோத் தாளில் ஒரு ஷாட் அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் காலத்துத் தாளை இதற்காகவே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

கையில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராகப் படிகத்திடம் போவார்கள். போகாதீர்கள். முதல் வாரம் முழுக்க உள்ளே வரும் பல்ஸை மட்டும் அளந்து பாருங்கள்: ஆற்றல், நீளம், நிறமாலை, கற்றையின் விட்டம், ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு ஆடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. பல்ஸுக்கு 1 மில்லிஜூல், நீளம் 30 ஃபெம்டோ நொடி, நொடிக்கு 1000 பல்ஸ். சராசரித் திறன் 1 வாட்தான், இரவு விளக்கைவிடக் குறைவு. உச்சத் திறனோ சுமார் 30,000 மெகாவாட். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டியது, அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த 30 ஃபெம்டோ நொடியில் ஒளி கடக்கும் தூரம் 9 மைக்ரோமீட்டர். உங்கள் பல்ஸ் தலைமுடியின் தடிமனைவிடவும் சிறிய ஓர் ஒளி வில்லை.

அந்த வில்லை எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதைக் கணக்கு போட்டே பார்க்க வேண்டும். 30 ஃபெம்டோ நொடி பல்ஸ் 800-இல் ஏறக்குறைய 31 நானோமீட்டர் அகலமான நிறக்கூட்டம். கண்ணாடிக்குள் சிவப்புப் பக்கம் முந்தும், நீலப் பக்கம் பிந்தும். உருக்கிய சிலிக்கா என்ற கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்கு 36 சதுர ஃபெம்டோ நொடி என்ற அளவில் பிரிக்கும். 1 சென்டிமீட்டர் கண்ணாடியைக் கடந்தால் 30 என்பது 45 ஆகிவிடும். ஒரு ஜன்னல், ஒரு லென்ஸ், அவ்வளவுதான்.

இரண்டாவது கெடுதல் செறிவால் வருவது. செறிவான ஒளி தான் போகும் பொருளின் ஒளிவிலகல் எண்ணைத் தானே உயர்த்தும். அதனால் சேரும் கட்ட மாற்றத்தை (அலையின் ஏற்ற இறக்கம் தள்ளிப்போவதை) கூட்டினால் கிடைப்பதை எல்லோரும் பி-இன்டெக்ரல் என்பார்கள். அது 1-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்டினால் கற்றை புள்ளிபுள்ளியாக உடையத் தொடங்கலாம். மேலே சொன்ன பல்ஸ் 10 மில்லிமீட்டர் விட்டத்தில் வந்தால் நடுவில் செறிவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 கிகாவாட். 1 சென்டிமீட்டர் சிலிக்காவிலேயே பி சுமார் 1.6. வெறும் காற்றில் 5 மீட்டர் போனாலே 1 பக்கம் வந்துவிடும். மேசையில் கற்றையைச் சுற்றிச் சுற்றி விடும் அழகுணர்ச்சியை ஓரம் வையுங்கள். ஆற்றலைக் குறைக்கக் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியைக் குறுக்கே வைக்கிற பழக்கமும் இங்கே ஆகாது. ஒளியலை ஆடும் திசையைத் திருப்பும் அரைஅலைத் தகடும், ஒரு திசையை மட்டும் விடும் மெல்லிய போலரைசரும் கொண்டு குறையுங்கள், அல்லது கண்ணாடி ஆப்பின் முகத்தில் பட்டுத் திரும்பும் சில சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியாக்குவது: 800-லிருந்து 400

இதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறோம். 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் ஒளியைக் குவார்ட்ஸுக்குள் அனுப்பி 347.2 எடுத்தது. கிடைத்தது அவ்வளவு சொற்பம், படத்தில் ஒரு சிறு புள்ளி. அச்சிடும்போது அது தூசு என்று நினைத்து அழித்தே விட்டார்கள். இன்று உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் நீலமாக வரவில்லை என்றால் வழிகாட்டி முகம் சுளிப்பார்.

பிபிஓ என்று சுருக்கமாகச் சொல்லும் பேரியம் போரேட் படிகம்தான் வழக்கம். 800-க்கு அது 29.2 டிகிரியில் வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோணத்தில் 800-உம் 400-உம் ஒரே கட்ட வேகத்தில் போவதால், படிகத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் பிறக்கும் நீலம் முன்னே பிறந்ததோடு கைகோத்துக் கூடும். கோணம் சற்றே தவறினால் ஓர் அடுக்கில் பிறந்ததை அடுத்த அடுக்கு அழித்துவிடும். மேலே சொன்ன கற்றைக்கு லென்ஸே வேண்டாம், 80 கிகாவாட் செறிவு போதும். படிகத்தைக் கற்றையில் நேராக வைக்கலாம்.

செய்யும் வரிசை: ஆற்றலைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். படிகத்தின் முகத்திலிருந்து திரும்பும் மெல்லிய ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள், அதுதான் தொடக்கக் கோணம். பிறகு திருகை மெல்லத் திருப்பினால் அட்டையில் நீலம் தோன்றி, வலுத்து, மங்கும். உச்சத்தில் நிறுத்துங்கள். பிறகுதான் ஆற்றலைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: இவ்வகையில் பிறக்கும் 400-இன் முனைவாக்கம் (அலை ஆடும் திசை) 800-க்குச் செங்குத்து. அடுத்து வரும் ஆடிகளையும் போலரைசரையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி என் மானம் போன கதை. முதல் வருடம், ஆய்வகத்தின் பெயர் வேண்டாம், அலமாரியில் கிடந்த 2 மில்லிமீட்டர் பிபிஓவை எடுத்து வைத்தேன். தடிமன் கூடினால் நீலம் கூடும் என்பது என் கணக்கு. கூடவும் செய்தது. சுவரில் அப்படியொரு ஊதா. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சீனியர் ஒருவர் ஸ்பெக்ட்ரோமீட்டரின் இழையைக் கற்றையில் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். நீலத்தின் அகலம் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். குட்டையான பல்ஸுக்குப் பத்து நானோமீட்டராவது வேண்டும். நான் தயாரித்தது நூற்றுக்கணக்கான ஃபெம்டோ நொடி நீளமுள்ள ஒரு வால்.

காரணம், கட்ட வேகம் ஒன்றானாலும் பல்ஸின் வேகம் ஒன்றல்ல. பிபிஓவுக்குள் 800 பல்ஸ் முந்துகிறது. 400 பல்ஸ் மில்லிமீட்டருக்குச் சுமார் 190 ஃபெம்டோ நொடி பிந்துகிறது. தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய வேன் ஃபேக்டரிக்கு விரைகிறது, மூட்டையில் ஓட்டை என்று வையுங்கள். கடைசியில் கொழுந்து ஒரு குவியலாகக் கிடைக்காது, வழி நெடுகச் சிந்திக் கிடக்கும். என் படிகத்தில் சிந்திய நீளம் 380 ஃபெம்டோ நொடி. 30 ஃபெம்டோ நொடி பல்ஸுக்கு 0.15 மில்லிமீட்டர் படிகம் போதும். 100 ஃபெம்டோ நொடிக்கு அரை மில்லிமீட்டர். நீலம் குறையும், குறையட்டும்.

அளக்கும்போது மிச்சமுள்ள 800-ஐ நம்பாதீர்கள். 400-ஐ மட்டும் திருப்பும் டைக்ராயிக் ஆடிகள் இரண்டு மூன்றில் பட்டுத் திரும்பிய பிறகே பவர் மீட்டருக்கு விடுங்கள். ஒளிடயோடு வகை மீட்டரில் அலைநீளத்தை மாற்றி வைத்தீர்களா என்றும் பாருங்கள். நூற்றுக்கு நூற்றிருபது கிடைத்தது என்று ஓடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

400-ஐயும் மிச்சமுள்ள 800-ஐயும் இன்னொரு படிகத்தில் சேர்த்தால் 267. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதுதான் அதிலுள்ள கூடுதல் தலைவலி.

பிளப்பது: 1300-உம் 2080-உம்

நீளமான அலைநீளம் வேண்டுமென்றால் ஒரு 800 போட்டானை இரண்டாகப் பிளக்க வேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்பது ஆற்றல் கணக்கு: ஒருவர் 1300 எடுத்தால் மற்றவருக்கு 2080. ஓ.பி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஒளி அளபுரு பெருக்கி இதைத்தான் செய்கிறது. எதை எடுப்பது என்று சொல்ல ஒரு விதை ஒளி தேவை. 800-இல் ஒரு மைக்ரோஜூல் அளவைப் பிரித்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் சஃபயர் தகட்டில் குவித்தால் அது வெள்ளை ஒளியாக வெடித்து வரும். ஆற்றலைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒரே வட்டமாக, துடிக்காமல் நிற்கும் வெள்ளைதான் நல்ல விதை. இரண்டு புள்ளியாகப் பிரிந்தாலோ மினுங்கினாலோ கூடிவிட்டது, குறையுங்கள்.

கடினம் நேரம் பொருத்துவதில். விதையும், அதைப் பெருக்க வரும் முக்கிய 800 கற்றையான பம்பும் படிகத்துக்குள் சில பத்து ஃபெம்டோ நொடிக்குள் சந்திக்க வேண்டும், அதாவது பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டருக்குள். தையல்காரர் டேப்பால் இரண்டு பாதையையும் அளந்து சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு நகரும் மேடையைத் தள்ளித் தேடுங்கள். மேடை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் பாதை 2 மில்லிமீட்டர், 6.7 பிக்கோ நொடி, அதாவது 6700 ஃபெம்டோ நொடி. அவசரமாகத் தள்ளினால் அந்த இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது. நான் முதல் தடவை மூன்று நாள் தேடினேன். டேப்பைத் தப்பான ஆடியிலிருந்து பிடித்திருந்தேன்.

நகர்த்துவது: சரிவின் கணக்கு

மேலே சொன்ன இரண்டும் நிறத்தைத் தாவ வைப்பவை. 1030-ஐக் கொஞ்சமே, சில பத்து நானோமீட்டர், நகர்த்த வேண்டும், ஆற்றலும் வீணாகக் கூடாது என்றால் வழி வேறு. செறிவு தன் ஒளிவிலகல் எண்ணைத் தானே மாற்றும் என்றேனே, அந்தக் கெடுதலையே இங்கே வேலைக்கு அமர்த்துகிறோம். பல்ஸின் செறிவு ஏறும் பக்கத்தில் அலைகள் இழுபட்டுச் சிவப்பாகும், இறங்கும் பக்கத்தில் நெருங்கி நீலமாகும். எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்வது அந்த நொடியில் உள்ள சரிவு. உயரத்துக்கு இதில் வேலையில்லை.

எங்கள் நீலகிரி மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு வரை சாதாரணமாக ஓடும். அதற்குப் பிறகு பல்சட்டத்தைக் கடித்துக்கொண்டு, ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்று குன்னூர் வரை ஏறும். சாதாரணப் பல்ஸ் இருபுறமும் ஒரே மாதிரி வளைந்த குன்று. சரிவு ஒவ்வோர் இடத்திலும் வேறு, ஏற்றமும் உண்டு இறக்கமும் உண்டு, ஆகவே நிறமாலை இருபக்கமும் பரந்து விரியும். மொத்தமாக நகராது. அதன் ஓர் ஓரத்தை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம், மற்றது வீண். ஆனால் பல்ஸையே கல்லாறு பாதை மாதிரி ஒரே சீரான ஏற்றமாகவும், மறுபுறம் குன்னூர் டால்ஃபின்ஸ் நோஸ் பாறை மாதிரி செங்குத்தான பள்ளமாகவும் செதுக்கிவிட்டால்? ஏற்றம் முழுக்க ஒரே சரிவு, ஆகவே முழுக்க ஒரே அளவு சிவப்புப் பெயர்ச்சி. பள்ளத்தில் ஆற்றல் சொற்பம், அது நீலமாகிப் போனால் போகட்டும். பல்ஸைக் காலத்தில் திருப்பிப் போட்டால், முதலில் செங்குத்து, பிறகு மெல்லிய இறக்கம், எல்லாம் நீலப் பக்கம் நகரும். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே இதைவிட அழகான தந்திரம் இல்லை. செதுக்குவதற்கு, லேசரின் பெருக்கிக்கு முன்னால் ஆற்றல் குறைவாக இருக்கும்போதே, நிறங்களின் கட்டத்தைத் தனித்தனியாக மாற்றும் பல்ஸ் ஷேப்பர் வேண்டும்.

சரிவு வேலை செய்யும் இடம் இரண்டு வகை. ஒன்று வாயு நிரப்பிய பொள்ளல் இழை, 1996-இலிருந்து புழக்கத்தில் உள்ளது: மயிரிழை போன்ற துளையுள்ள கண்ணாடிக் குழாய், உள்ளே ஆர்கானோ நியானோ. குவியப் புள்ளியின் விட்டம் துளை விட்டத்தில் 0.64 பங்கு இருக்க வேண்டும். 400 மைக்ரோமீட்டர் துளைக்குச் சுமார் 260. குறைந்த ஆற்றலில் பொருத்திவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் குழாயின் வாயைப் பொசுக்கிவிடுவீர்கள். இன்னொன்று 2016-க்குப் பிறகு பரவிய மல்டிபாஸ் செல். இரண்டு குழியாடிகளுக்கிடையில் கற்றையைப் பல பத்துத் தடவை போக வர விடுவது. ஒவ்வொரு நடைக்கும் பி கொஞ்சமே சேரும். கற்றை வட்டம் கெடாது. உள்ளே போனதில் பெரும்பகுதி வெளியே வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு, லேசர் இட்டெர்பியம் என்றால், நான் செல்லைத்தான் சொல்வேன்.

குழாயில் ஆர்கானுக்குப் பதில் நைட்ரஜன் போட்டால் நிறமாலை சிவப்புப் பக்கமே அதிகம் சாயும். மூலக்கூறு சற்றுத் தாமதமாகச் சுழன்று ஒளியிடமிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. 1928-இல் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட சிதறலின் குடும்பம்தான் இது.

வாயுவில் வேலை செய்யும்போது ஓர் எச்சரிக்கை. ஆற்றலை ஏற்ற ஏற்ற நிறமாலை முழுவதும் நீலத்துக்கு ஓடி, வெளிவரும் ஆற்றலும் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். வாயு அயனியாகிறது. ஆற்றலைக் குறையுங்கள், அல்லது நியான், ஹீலியம் என்று அயனியாகச் சிரமப்படும் வாயுவுக்கு மாறுங்கள்.

கடைசியில் அளப்பது

எந்த வழியானாலும், புது நிறத்தின் பல்ஸ் நீளத்தை அளந்த பிறகே வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். பல்ஸைத் தன்னோடு தானே ஒப்பிட்டு அளக்கும் ஆட்டோகோரிலேட்டர் நீளத்தைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. நிறத்தையும் நேரத்தையும் சேர்த்துப் படமெடுக்கும் ஃப்ராக் கருவி இருந்தால் அதையே பழகுங்கள். செதுக்கிய பல்ஸுக்கு ஆட்டோகோரிலேட்டர் உதவவே உதவாது. அது எப்போதும் இருபுறமும் ஒரே மாதிரியான படம்தான் தரும். கல்லாறு எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது.

அணைக்கும்போது முதலில் ஆற்றலைக் குறையுங்கள், பிறகு ஷட்டர், பிறகு படிகம். பிபிஓ ஈரத்தை மெல்ல உறிஞ்சும், முகம் பால்போல மங்கிவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் உப்பு டப்பா படும் பாடு தெரியுமல்லவா, அதே கதி. மங்கின படிகத்தை மறுபடி பாலிஷ் போட்டு வாங்க வாரக்கணக்காகும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள், நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். கோத்தகிரியிலிருந்து கிளம்பும் முன் அக்கா மகள் புதுச் செருப்புப் பெட்டியிலிருந்து அந்தச் சின்னப் பொட்டலங்களைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதெல்லாம் செருப்புக்குத்தான் ஆகும், ஆய்வகத்தில் நல்லதாக ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.